ஊரை ஜப்தி செய்ய முடியுமா? டுபியூக் கடன்பத்திர வழக்கு: ஓர் அறிமுகம்

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவர் வழக்குப் போடுவார், தீர்ப்பு வாங்குவார், அமீனாவோடு வந்து வீட்டையோ நிலத்தையோ ஜப்தி செய்வார். கடன் வாங்கியது ஒரு நகராட்சி என்றால்? தெருவை ஏலம் விட முடியாது. தீயணைப்பு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் எரியும். நகரமன்றக் கட்டடத்தை விற்றால் நிர்வாகமே நின்றுவிடும். ஒரு ஊரிடம் உண்மையில் இருக்கும் ஒரே பெரிய சொத்து, மக்களிடம் வரி வசூலிக்கும் அதிகாரம். அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊர்க்காரர்களே கூடி, நம்மேல் நாமே வரி போட்டுக்கொள்வோம் என்று தீர்மானித்தால்தான் அது பணமாகும்.

அவர்கள் மாட்டோம் என்று சொன்னால் நீதிமன்றம் என்ன செய்யும்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நீதிமன்றங்கள் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டின. நூற்றுக்கணக்கான வழக்குகள் வந்தன. அவற்றுக்கெல்லாம் தலைவாசலாக நிற்பது 1864-இல் தீர்ப்பான கெல்ப்கே எதிர் டுபியூக் நகரம் என்ற வழக்கு. கடன்பத்திரம் என்றால் என்ன, அதை வைத்திருப்பவருக்கு என்ன உரிமை, வழக்கில் ஜெயிப்பதும் பணம் கைக்கு வருவதும் ஏன் வேறு வேறு என்பதை எல்லாம் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியாது.

ரயிலுக்காக வாங்கிய கடன்

டுபியூக், அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர். ஈயச் சுரங்கங்களால் வளர்ந்தது. 1855-இல் இல்லினாய் பக்கத்திலிருந்து வந்த ரயில் பாதை எதிர்க்கரையை எட்டியது. அங்கிருந்து மேற்கே விரியும் சமவெளிக்கு யார் பாதையைக் கொண்டுபோகிறார்களோ அவர்கள் ஊருக்குத்தான் வியாபாரம் என்று ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் நம்பின. தெற்கே டேவன்போர்ட், பர்லிங்டன், கியோகக் எல்லாம் போட்டியில் இருந்தன. டேவன்போர்ட்டில் 1856-இல் ஆற்றின் குறுக்கே ரயில் பாலமே வந்துவிட்டது. டுபியூக் சும்மா இருக்குமா?

பாதை போடப் பணம் வேண்டும். அயோவா விவசாயிகளிடம் நிலம் இருந்தது, ரொக்கம் இல்லை. மாநில அரசும் கொடுக்க முடியாது. 1837-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு, கால்வாய்களுக்கும் ரயில்களுக்கும் அளவில்லாமல் கடன் வாங்கியிருந்த பல மாநிலங்கள் வட்டி கட்டத் திணறின. அதைப் பார்த்துப் பாடம் கற்ற புதிய மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்திலேயே தங்கள் கையைக் கட்டிக்கொண்டன. அயோவாவின் 1846-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மாநிலக் கடனுக்கு 1,00,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. எந்தக் கம்பெனியிலும் மாநிலம் பங்குதாரராகக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் நகரங்களும் கவுன்டிகளும் கடன் வாங்கலாமா என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. (கவுன்டி என்பது ஏறத்தாழ நம் வட்டம் அல்லது சிறிய மாவட்டம் போன்ற நிர்வாக அலகு.) ரயில்வே கம்பெனிக்காரர்கள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

ஏற்பாடு இப்படி: நகரம் கம்பெனிக்கு ரொக்கம் எதுவும் தராது. தன் பெயரில் கடன்பத்திரங்களை அச்சடித்து, மேயர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கம்பெனியிடம் கொடுக்கும். பதிலுக்குக் கம்பெனி தன் பங்குகளை நகரத்துக்குக் கொடுக்கும். கம்பெனி அந்தப் பத்திரங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் கிடைத்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் தண்டவாளம் போடும். ரயில் வந்ததும் நில மதிப்பு ஏறும், பங்குக்கு லாபம் வரும், அந்த லாபத்திலேயே பத்திரத்துக்கு வட்டி கட்டிவிடலாம், வரி ஒரு பைசா ஏறாது. ஊர்க்கூட்டங்களில் சொல்லப்பட்ட கணக்கு இதுதான். மாநில சட்டமன்றம் அனுமதி தந்தது. டுபியூக் 1857-இல் டுபியூக் வெஸ்டர்ன், டுபியூக் செயின்ட் பீட்டர்ஸ் செயின்ட் பால் ஆகிய இரண்டு ரயில்வே கம்பெனிகளுக்கு இப்படிப் பத்திரம் கொடுத்தது.

அதே 1857-இன் ஆகஸ்ட் மாதம் ஒஹையோ லைஃப் இன்சூரன்ஸ் அண்ட் டிரஸ்ட் கம்பெனி திவாலானது. அதைத் தொடர்ந்து வங்கிகள் சரிந்தன, நிலத்தின் விலை விழுந்தது, ரயில்வே வேலைகள் பாதியில் நின்றன. நகரத்தின் கையில் இருந்த பங்குகள் வெறும் காகிதமாகின. நகரம் கொடுத்த பத்திரங்களோ அப்படியே உயிரோடு இருந்தன. அவை இப்போது கம்பெனியிடமும் இல்லை. நியூயார்க்கிலும் மற்ற இடங்களிலும், டுபியூக்கை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்களின் இரும்புப் பெட்டிகளில் இருந்தன.

ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்

அந்தக் காலக் கடன்பத்திரம் பெரிய தாளில் அழகான சித்திர வேலைப்பாடுகளோடு அச்சடித்தது. மேல் பகுதியில் அசல் தொகை, திருப்பித் தர வேண்டிய தேதி, எந்த வங்கியில் கட்டப்படும் என்ற விவரம். டுபியூக் பத்திரங்களில் அது நியூயார்க் வங்கி. கீழே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சீட்டுகள். அவைதான் கூப்பன்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தேதியும் அந்தத் தேதிக்கான வட்டித் தொகையும் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேதி வந்ததும் கத்தரிக்கோலால் ஒரு கூப்பனை வெட்டி வங்கியில் கொடுத்தால் வட்டி கைக்கு வரும்.

இதில் கவனிக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: "வைத்திருப்பவருக்குத் தரப்படும்". பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ரூபாய் நோட்டைப் போலக் கைமாறும். ரூபாய் நோட்டுக்கு இருக்கும் இன்னொரு குணமும் இதற்கு உண்டு. எனக்கு ஒருவர் 500 ரூபாய் நோட்டு கொடுத்தால், அது அவருக்கு எப்படி வந்தது என்று நான் விசாரிக்க வேண்டியதில்லை. அதேபோல, நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து, சந்தேகப்படக் காரணம் ஏதும் இல்லாமல் பத்திரத்தை வாங்கியவரிடம், "எங்களுக்கும் ரயில்வே கம்பெனிக்கும் உள்ள தகராறு இது, கம்பெனி எங்களை ஏமாற்றிவிட்டது" என்று நகரம் சொல்ல முடியாது. வணிகச் சட்டத்தின் பழைய விதி இது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. 1859-இல், இண்டியானாவின் நாக்ஸ் கவுன்டி தொடர்பான வழக்கில், "சட்டப்படி எல்லா நடைமுறையும் முடித்தே வெளியிடப்படுகிறது" என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால், வாங்குபவர் அதை நம்பலாம் என்று சொன்னது. வாக்கெடுப்புக்கு ஒழுங்காக அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று கவுன்டியே பிறகு வந்து சொன்னால் எடுபடாது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பத்திரங்களின் மேல் அந்த வாசகத்தை அச்சடிக்கும் பழக்கம் எங்கும் பரவியது.

ஆனால் தப்பிக்க ஒரு வழி நகரத்துக்கு மிச்சம் இருந்தது. நடைமுறையில் தவறு என்றால் மன்னிக்கலாம், அதிகாரமே இல்லாமல் வெளியிட்ட பத்திரம் என்றால்? நகரத்துக்குக் கடன் வாங்கும் அதிகாரம் கொடுத்த சட்டமே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றால் அந்தப் பத்திரம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. வாங்கியவர் எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. டுபியூக் பிடித்தது இந்த வழியைத்தான்.

அயோவா மனம் மாறியது

1853-இல் அயோவா உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி போயிருந்தது. டுபியூக் கவுன்டி ரயிலுக்காகக் கடன் வாங்கலாமா? வாங்கலாம், அரசியல் சட்டத்தின் தடை மாநிலத்துக்குத்தான், கவுன்டிக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்து வந்த வழக்குகளிலும் அதையே பின்பற்றியது. நியூயார்க்கில் பத்திரம் வாங்கியவர்களின் வக்கீல்கள் இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டுத்தான் "வாங்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு 1857 வந்தது. நெருக்கடி மட்டுமல்ல, அதே வருடம் அயோவாவுக்குப் புதிய அரசியல் சட்டமும் வந்தது. அதில் நகரம், கவுன்டி எல்லாவற்றின் கடனுக்கும் வரி விதிக்கத்தக்க சொத்து மதிப்பில் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது. வட்டி கட்ட வரி கொடுக்க வேண்டியவர்களும் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒரே ஆட்கள். நீதிபதிகள் அதற்காகத்தான் மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய சட்ட வாதத்திலும் வலு இருந்தது: மாநிலம் செய்யக் கூடாததை, மாநிலம் தன் துண்டுகளான கவுன்டிகளை வைத்துச் செய்துகொள்ள முடியும் என்றால், அந்தத் தடைக்கு என்னதான் பொருள்? எப்படியோ, 1862-இல் வாப்பெல்லோ கவுன்டி வழக்கில் அயோவா உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளைத் தூக்கிப்போட்டது. ரயிலுக்காக நகரமும் கவுன்டியும் பத்திரம் வெளியிடச் சட்டமன்றம் அனுமதி கொடுக்கவே முடியாது, எனவே அவை செல்லாது என்றது.

கெல்ப்கேயும் அவரோடு சேர்ந்தவர்களும் தங்களிடம் இருந்த டுபியூக் கூப்பன்களுக்குப் பணம் கேட்டுப் போட்ட வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவில் இரண்டு வகை நீதிமன்றங்கள் அருகருகே இயங்குகின்றன: மாநிலத்தின் நீதிமன்றங்கள், ஒன்றிய அரசின் கூட்டாட்சி நீதிமன்றங்கள். வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவர்களாக இருந்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வெளியூர்க்காரருக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காமல் போகலாம் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு இது. அயோவாவில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம், மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நாங்கள் என்ன சொல்ல என்று நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டில் வாஷிங்டன் போனது.

1864 ஜனவரி

ஒரு மாநிலத்தின் அரசியல் சட்டத்துக்கு என்ன பொருள் என்று சொல்ல அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் கடைசி உரிமை என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை விதி. கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் வழக்கமாக அதையே பின்பற்றும். இங்கே மாநில நீதிமன்றம் இரண்டு பதில் சொல்லியிருக்கிறது. பத்திரம் வெளியானபோது ஒன்று, பணம் கட்ட வேண்டியபோது வேறொன்று. எதைப் பின்பற்றுவது?

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஒஹையோவைச் சேர்ந்த நீதிபதி நோவா ஸ்வெயின். ஒப்பந்தம் உருவானபோது, அந்த மாநிலத்தின் நீதிமன்றங்கள் விளக்கியிருந்தபடி அது செல்லும் என்றால், பின்னால் நீதிமன்றம் மனம் மாறியதால் அந்த ஒப்பந்தம் செத்துவிடாது என்றார். இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது: ஒரு மாநில நீதிமன்றம் பலிபீடத்தைக் கட்டி, பலி கொடு என்று ஆணையும் இட்டுவிட்டது என்பதற்காக, உண்மையையும் நீதியையும் சட்டத்தையும் நாங்கள் ஒருபோதும் பலியிட மாட்டோம்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் ஒரே ஒருவர், சாமுவேல் மில்லர். 1862-இல் லிங்கன் நியமித்தவர். முதலில் மருத்துவராக இருந்து பிறகு வக்கீலானவர். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் அயோவாக்காரர். போட்டி ஊர்களில் ஒன்று என்று மேலே சொன்னேனே, அந்தக் கியோகக்தான் அவர் ஊர். 1857-க்குப் பிறகு அந்த ஊர் விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். பத்திரக் கடனின் சுமையைச் சுமந்தவர்கள் அவருடைய அண்டை வீட்டுக்காரர்கள்.

ஆனால் அவர் தீர்ப்பு அனுதாபத்தின் மேல் நிற்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி சட்டத்தின் உள்ளே இருப்பது: அயோவா அரசியல் சட்டத்தின் பொருளை அயோவா நீதிமன்றத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் நாம் என்று எந்த அதிகாரத்தில் சொல்கிறோம்? ஒப்பந்தங்களை ஊனப்படுத்தும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் விதி உண்டு. ஆனால் இங்கே மாநிலம் புதிய சட்டம் எதையும் இயற்றவில்லை, நீதிமன்றம் பழைய சட்டத்துக்குப் பொருள் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். விளைவும் விநோதமாக இருக்கும் என்று மில்லர் கண்டார். ஒரே நாளில் அச்சான, ஒரே எண் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அயோவாக்காரர் கையில், இன்னொன்று நியூயார்க்காரர் கையில். அயோவாக்காரர் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும், அவர் பத்திரம் செல்லாது. நியூயார்க்காரர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போவார், அவர் பத்திரம் செல்லும். இரண்டு நீதிமன்றமும் ஒரே மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே சட்டத்துக்கு எதிரெதிர்ப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும்.

பத்திரம் கைமாறக்கூடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர் செய்ய வேண்டியதெல்லாம், தன் பத்திரத்தை வெளிமாநிலத்தில் இருக்கும் ஒருவருக்கு விற்பது.

என் கருத்தைக் கேட்டால், முடிவில் ஸ்வெயின் பக்கம் நியாயம் இருக்கிறது, காரணம் சொல்வதில் மில்லர் பக்கம் வலு இருக்கிறது. மாநிலமே பலமுறை செல்லும் என்று சொன்னதை நம்பிப் பணம் போட்டவரைக் கைவிடுவது நியாயமில்லை. அதே நேரத்தில், எந்தச் சட்ட விதியின்படி மாநில நீதிமன்றத்தை மீறுகிறோம் என்பதை ஸ்வெயினின் தீர்ப்பு தெளிவாகச் சொல்லவே இல்லை. பலிபீட வாக்கியம் மனத்தில் நிற்கிற அளவுக்கு வாதம் நிற்கவில்லை. பத்திரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஏமாந்த அப்பாவிகள் என்றும் நினைக்க வேண்டாம். முகமதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கு, ஆபத்து தெரிந்தே வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முழுத்தொகையும் வட்டியும் சேர்த்தே தீர்ப்பு கிடைத்தது.

தீர்ப்பு கிடைத்தது, பணம்?

உண்மையான போராட்டம் இதற்குப் பிறகுதான். தீர்ப்பை வாங்கிய பத்திரதாரர், நகரத்தின் கஜானாவில் பணம் இல்லை, ஜப்தி செய்யவும் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்கிறார். அப்போது அவர் கேட்பது மாண்டமஸ், அதாவது செயலுறுத்தும் நீதிப்பேராணை. சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஒரு கடமையை ஓர் அதிகாரி செய்யாமல் இருந்தால், செய் என்று அவருக்கு நேராக இடும் ஆணை. இங்கே அந்தக் கடமை, கடனைக் கட்டும் அளவுக்கு வரி போடுவது. ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அபராதம், சிறை.

மாநிலங்கள் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டுபிடித்தன: நகரத்தின் வரி விதிக்கும் அதிகாரத்தையே குறைத்துவிடுவது. இல்லினாய் சட்டமன்றம் 1863-இல் குவின்சி நகரத்துக்கு அப்படிச் செய்தது. 1867-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரம் வெளியானபோது இருந்த வரி அதிகாரமும் ஒப்பந்தத்தின் ஒரு பாகமே, கடன் தீரும்வரை அதைப் பிடுங்க முடியாது என்றது. அடுத்த வருடம் அயோவாவின் ஜான்சன் கவுன்டி வழக்கு. வரி கட்டுபவர்கள் மாநில நீதிமன்றத்துக்குப் போய், வரி போடக் கூடாது என்று கவுன்டி அதிகாரிகளுக்குத் தடையாணை வாங்கிவிட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றமோ வரி போடு என்கிறது. நடுவில் மாட்டிய அதிகாரிகள் எதைக் கேட்பார்கள்? கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணையை மாநிலத் தடையாணை நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1871-இல் இன்னொரு அயோவா வழக்கில், ஆணைக்குக் கீழ்ப்படியாத அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு தர வேண்டியிருக்கும் என்றும் ஆனது.

இந்தக் காலத்தில் ஜான் டில்லன் என்ற நீதிபதியின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அயோவா உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, ரயிலுக்காக வரி போடுவது செல்லாது என்று 1869-இல் தீர்ப்பு எழுதியவர் அவர். அந்த வருடக் கடைசியிலேயே கூட்டாட்சி நீதிபதியாக நியமனம் கிடைத்தது. அதன்பின், தன் மனத்துக்குச் செல்லாது என்று பட்ட அதே வகைப் பத்திரங்களுக்கு வரி போடச் சொல்லி, தன் சொந்த மாநிலத்து அதிகாரிகளுக்கே ஆணையிட வேண்டியிருந்தது. மேல்நீதிமன்றம் சொன்னபடி அவர் இட்டார்.

சிறைக்குப் போகவும் மனமில்லை, வரி போடவும் மனமில்லை என்றால் அதிகாரிக்கு ஒரே வழி, அதிகாரியாக இல்லாமல் போவது. விஸ்கான்சினில் வாட்டர்டவுன் நகரம் இதை ஒரு கலையாகவே ஆக்கியது. ரயிலுக்காக 1850-களில் பத்திரம் வெளியிட்ட ஊர் அது. ரீஸ் என்பவர் பத்திரங்களுக்குத் தீர்ப்பு வாங்கி, பேராணையும் வாங்கினார். ஆணையை நேரில் கொடுக்கக் கூட்டாட்சி மார்ஷல் (கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி) வருவதற்குள், நகரசபை உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ராஜினாமா செய்துவிட்டார்கள். சபை இல்லை, ஆணையை வாங்க ஆள் இல்லை. மறுபடி தேர்தல், மறுபடி ஆணை, மறுபடி ராஜினாமா. ஊர் பல வருடம் மேயரே இல்லாமல் ஓடியது.

சலித்துப்போன ரீஸ், நகரசபையை விடுங்கள், உங்கள் மார்ஷலே வீடு வீடாகப் போய் மக்களின் சொத்தில் வசூலித்துத் தரட்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். 1874-இல் நீதிபதி வார்ட் ஹன்ட் எழுதிய தீர்ப்பு முடியாது என்றது. வரி போடுவது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல. ஊரின் கடனுக்காக ஊரில் வசிக்கும் ஒருவரின் வீட்டை எடுக்கவும் முடியாது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் மட்டும் அப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு, மற்ற இடங்களில் கிடையாது. ரீஸ் இன்னொரு பேராணை கேட்கலாம், அது பலிக்காவிட்டால் அதற்கும் பிறகு இன்னொன்று கேட்கலாம். அவ்வளவுதான். ஸ்வெயின் இந்த வழக்கில் பெரும்பான்மையோடு சேரவில்லை.

இந்த இடம்தான் முழுக் கதையின் முடிச்சு என்று நினைக்கிறேன். கெல்ப்கே வழக்கில் கடன் செல்லும் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன நீதிமன்றம், பத்து வருடம் கழித்து, அதை வசூலிக்கும் கை தனக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டது. கடன் இருக்கிறது என்று அறிவிப்பது நீதிமன்றத்தால் முடியும். வரி வேண்டுமென்றால் தீர்மானம் போட ஒரு சபை வேண்டும், மதிப்பிட ஒருவர் வேண்டும், வசூலிக்க ஒருவர் வேண்டும். இவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

மிசௌரி மாநிலத்தில் கோபம் இன்னும் கடுமையாக வெடித்தது. காஸ் கவுன்டியில், மோசடிப் பத்திர விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் என்று மக்கள் கருதிய மூன்று பேரை 1872-இல் கன் சிட்டி அருகே ஒரு கும்பல் ரயிலை நிறுத்திச் சுட்டுக் கொன்றது. செயின்ட் கிளேர் கவுன்டி 1870-இல் டீபோ அண்ட் நியோஷோ ரயில்வேக்கு 2,50,000 டாலர் பத்திரம் கொடுத்தது. ரயில் வரவே இல்லை. அங்கே கவுன்டியை நிர்வகிப்பவர்களுக்கே நீதிபதிகள் என்று பெயர். வரி போட மறுத்து அவர்கள் காட்டில் ஒளிந்தார்கள், பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் போகத் தயாராக இருக்கிறேன் என்பதே அந்தப் பதவிக்கான தகுதியாகிப்போனது. அந்தக் கடன் கடைசியாகத் தீர்ந்தது 1940-இல்.

மெம்பிஸ் நகரத்துக்கு நடந்தது வேறு விதம். 1878-இல் மஞ்சள் காய்ச்சலில் அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வசதி இருந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நகரம் அது. 1879-இல் டென்னசி சட்டமன்றம் நகரத்தையே கலைத்தது. மெம்பிஸ் என்ற நகராட்சி சட்டப்படி இல்லாமல் போனது. அந்த இடத்தில் வரி மாவட்டம் என்ற ஒரு புதிய அமைப்பு வந்தது. வரி போடும் அதிகாரத்தை மாநிலமே எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் யாரிடம் போவார்கள்? 1880-இல் உச்ச நீதிமன்றம், தெருக்கள், பூங்காக்கள் போன்ற பொதுச் சொத்தைக் கடனுக்கு எடுக்க முடியாது, மாநிலம் எடுத்துக்கொண்ட வரி அதிகாரத்தை நீதிமன்றம் பயன்படுத்தவும் முடியாது என்றது. அலபாமாவின் மொபைல் நகரமும் 1879-இல் இதே வழியில் போனது. ஆனால் 1886-இல் வந்த தீர்ப்பு, பெயரை மாற்றி அதே மக்களையும் அதே சொத்தையும் வைத்து நடக்கும் புதிய அமைப்பு பழைய கடனுக்கும் பொறுப்பு என்றது. ஆக, ஊரைக் கலைத்துத் தப்பிக்கும் வழியும் பாதி மூடப்பட்டது.

மில்லர் இவ்வளவு காலமும் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தார். வழக்கு ஒரு ஊருக்கு எதிரான பத்திர வழக்கு என்று தெரிந்த உடனேயே தன் சக நீதிபதிகள் முடிவு எடுத்துவிடுகிறார்கள் என்று உறவினருக்கு எழுதிய கடிதத்தில் குமுறினார். அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி 1875-இல். கான்சாஸின் டொபீகா நகரம் ஓர் இரும்புப் பாலத் தொழிற்சாலையை ஊருக்கு வரவழைக்க 1,00,000 டாலர் பத்திரம் கொடுத்திருந்தது. பொதுக் காரியத்துக்குத்தான் வரி, தனியார் தொழிலுக்கு உதவ மக்களின் பணத்தை எடுப்பது வரி என்ற பெயரில் நடக்கும் கொள்ளை என்று மில்லர் எழுதினார். பத்திரம் செல்லாது. இந்த முறை பெரும்பான்மை அவரோடு இருந்தது. ரயில் எல்லோருக்கும் பயன்படும் பாதை, எனவே அது பொதுக் காரியம் என்ற நிலைப்பாட்டை மட்டும் நீதிமன்றம் விடவில்லை.

இந்த முப்பது வருட இழுபறியின் பலன்களை இன்றும் பார்க்கலாம். உள்ளாட்சிக் கடனுக்கு அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு வைப்பது பல மாநிலங்களில் பரவியது. இந்தப் பத்திரம் சட்டப்படி செல்லும் என்று சுதந்திரமான ஒரு வக்கீல் நிறுவனம் எழுதித் தராமல் நகரப் பத்திரம் விற்பனைக்கு வருவதில்லை. அந்த வழக்கம் பிறந்ததும் இந்த வழக்குகளின் பயத்தில்தான். கடன் கட்ட முடியாத நகரம் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கடன் கொடுத்தவர்களோடு சமரசம் செய்துகொள்ள ஒரு தனி திவால் சட்டம் 1934-இல் முதலில் வந்தது. 2013-இல் ஏறத்தாழ 18 பில்லியன் டாலர் கடனோடு டெட்ராய்ட் நகரம் போய் நின்றது இந்தச் சட்டத்தின் இன்றைய வடிவத்தின் முன்னால்தான். அதன்படி திவால் நீதிபதி கடனைக் குறைக்கும் திட்டத்தை ஏற்கலாம், மறுக்கலாம். நகரத்தின் ஒப்புதல் இல்லாமல் அதன் சொத்தை விற்கச் சொல்லவோ வரியை ஏற்றச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இல்லை.